கல்லைக் கொட்டியாச்சு, அப்புறம் யார் பார்க்கிறார்கள்?

மே 21

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கல் கொட்டுவதைப் பற்றி ராயபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியே போடுகிறேன்: "காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எனக்கு விவரம் தெரிந்த நாளாகக் கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கொட்டி முடித்த பிறகு அது வேலை செய்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்கிறார்களா, இல்லை பில் பாஸ் ஆனதோடு சரியா?"

பாதிப் பதில் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் சர்வே லாஞ்சில் (அளவெடுக்கிற படகு) கடலின் ஆழம் அளக்கிற வேலையில் இருந்தேன். கப்பல் வருகிற கால்வாயைக் கண்டிப்பாக அளப்பார்கள். தூர்வாருவதற்கு முன் ஒரு முறை, வாரிய பின் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை. கடல் மேல் உள்ள பாசத்தால் இல்லை. தூர்வாருகிறவர்களுக்குக் கன மீட்டர் கணக்கில் பணம் போகிறது, அளக்காமல் கொடுக்க முடியாது. அப்புறம் கப்பல்காரர்கள் கணக்கு. பனாமாக்ஸ் அளவு (பனாமா கால்வாயில் நுழையக்கூடிய பெரிய அளவு) சரக்குக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்க 65, 70 டன் ஏற்ற வேண்டும். கால்வாயில் 10 சென்டிமீட்டர் மண் சேர்ந்தால் ஒவ்வொரு நடைக்கும் 650 டன்னுக்குக் குறையாமல் சரக்கை ஏற்றாமல் விட்டுவிட்டு வரவேண்டும். கப்பலின் அடிக்கும் கடல் தரைக்கும் நடுவில், கப்பல் மூழ்கியிருக்கிற ஆழத்தில் பத்து, பதினைந்து சதவீதம் இடைவெளி விடுவது வழக்கம், அதில் கை வைக்க எந்த கேப்டனும் சம்மதிக்க மாட்டார். ஓதம் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறட்டும் என்று காத்திருந்து உள்ளே வரலாமே என்றால், குஜராத்தின் காம்பத் வளைகுடா மாதிரி பத்து மீட்டர் ஏறுகிற இடமில்லை சென்னை. இங்கே அமாவாசை, பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் சொச்சம்தான். ஆகவே ஆழத்தை அளந்துதான் ஆகவேண்டும்.

மீதிப் பாதி, அதாவது கரையில் கொட்டின கல், தூண்டில் வளைவு (மணலைப் பிடித்து வைக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டுகிற கல் கை), அலைதடுப்புச் சுவர், இதெல்லாம் சொன்ன வேலையைச் செய்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒருவர் வருவார், போட்டோ எடுப்பார், போவார்.

மே 21, இரவு

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். யாரும் பார்ப்பதில்லை என்ற கடுப்பில் பிப்ரவரியில் நானே ஒரு வேலை செய்தேன். திருவொற்றியூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு தூண்டில் வளைவு. அதன் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல்லில் சிவப்பு பெயிண்டால் கோடு போட்டு, கோட்டிலிருந்து மணல் வரைக்கும் டேப் பிடித்தேன். 142 சென்டிமீட்டர். இன்று சாயங்காலம் போய்ப் பிடித்தேன், 118. மூன்று மாதத்தில் மணல் 24 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது! தூண்டில் வளைவைத் திட்டினவர்கள் எல்லாம் வரிசையில் வரவும். தூண்டில் வளைவு வேலை செய்கிறது.

மே 23

"துறைமுகத்தால்தான் கடல் அரிப்பு என்பது அரசியல் பேச்சு" என்று ஒருவர். இல்லை ஐயா. இதற்குச் சென்னையை விடப் பெரிய சாட்சி கிடையாது.

மெட்ராஸுக்கு முன்பு துறைமுகமே கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். திறந்த கடற்கரை, மூன்று வரிசையாக அலை உடையும். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுதான் ஆளையும் மூட்டையையும் கொண்டு வந்து சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். வில்லியம் பார்க்ஸ் போட்ட திட்டப்படி 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கை நீட்டி, கிழக்கே வாயில் வைத்துக் கட்டினார்கள். முடியப்போகிற நேரத்தில் 1881 நவம்பரில் புயல் வந்து கையை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1896 ஆகிவிட்டது.

அதற்குள் மணல் தன் வேலையைக் காட்டிவிட்டது. நம் கரையோரம் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைக்கும் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும், வாடைக்காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லால் கை நீட்டினால்? தெற்கில் தேங்கும். தேங்கியதுதான் மெரினா. முன்னெல்லாம் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்றைக்கு மணல் சராசரியாக 300 மீட்டர், அகலமான இடத்தில் 437 மீட்டர் என்கிறார்கள். கிராண்ட் டஃப் கவர்னராக இருந்து 1884இல் மெரினா என்று பெயர் வைத்தபோது அந்த மணலில் பெரும்பங்கு வந்து சேரவே இல்லை. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கில் நின்றுவிட்டதால் ராயபுரத்துக்கு வடக்கே கடல் சாப்பிட ஆரம்பித்தது. சுண்டல் சாப்பிடுகிற இடமும் வீடு இழந்த இடமும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

1904இல் துறைமுகத்துக்குத் தலைவராக வந்த ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை மூடிவிட்டு வடகிழக்கில் வாயில் வைத்தார். மணல் வாயிலை அடைத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். மனிதர் செய்ததில் எனக்குப் பிடித்தது அதில்லை, மணல் வருஷாவருஷம் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து எழுதி வைத்தது. கட்டினதை விட்டுவிட்டுப் போகாமல் திரும்பத் திரும்ப அளந்த ஆள்.

மே 24

வேல்ஸ் இளவரசர் என்றதும் "எந்த இளவரசர்?" என்று மூன்று பேர். பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ஆனவர். டயானாவின் வீட்டுக்காரர் இல்லை. இனி இந்தத் திசையில் கேள்வி வேண்டாம்.

மே 27

மே 21 இரவு எழுதியதற்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஒரே வரி. "கல் இறங்கியிருந்தால்?"

படித்ததும் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் இதே பாடத்தை நான் லாஞ்சில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம், பெயர் வேண்டாம். மழை முடிந்து கால்வாயை அளந்து வரைபடம் போட்டால், போன முறையை விட எல்லா இடத்திலும் 30 சென்டிமீட்டர் ஆழம் குறைவு. கால்வாய் நடுவில் 30, ஓரத்தில் 30, கப்பல் திரும்புகிற வட்டத்தில் 30. ஆபீசில் ஒரே பரபரப்பு, தூர்வார எஸ்டிமேட் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் லாஞ்சில் இருந்த மூத்த சர்வேயர் மட்டும் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "சேறு என்ன தோசை மாவா, ஒரே கனத்துக்குத் தேய்க்க? வளைவில் ஒரு மாதிரி சேரும், நேரில் ஒரு மாதிரி சேரும். இது சேறு இல்லை தம்பி, நம்ம பூஜ்ஜியம்."

விஷயம் என்னவென்றால், எதிரொலிக் கருவி படகின் அடியிலிருந்து தரை வரைக்கும் உள்ள தண்ணீரைச் சொல்லும். அதில் அந்த நேரத்து ஓதத்தைக் கழித்தால்தான் வரைபடத்துக்குரிய ஆழம் கிடைக்கும். ஓதத்தைப் பார்க்க ஜெட்டி தூணில் அளவு எழுதின பலகை ஒன்று அடித்திருக்கும். மழைக்கு முன் அந்தத் தூணில் ரப்பர் தடுப்பு மாற்றியிருக்கிறார்கள். பலகையைக் கழற்றிவிட்டுத் திரும்ப அடித்தவர்கள் ஒரு சாண் சொச்சம் கீழே அடித்துவிட்டார்கள். பலகை கீழே போனால் தண்ணீர் மேல் எண்ணைக் காட்டும், ஓதம் கூடுதலாகப் பதிவாகும், கழித்தால் ஆழம் குறையும். கடலுக்கு அடியில் ஒரு பிடி சேறுகூடச் சேரவில்லை. நாலு ஆணிதான் இடம் மாறியிருந்தது. பலகையில் ஓதம் படித்துச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட நான், கடலுக்குள் கொட்டின கல்லில் கோடு போட்டு அதை அசையாத இடம் என்று நம்பியிருக்கிறேன்.

மே 30

போய்ப் பார்த்தாச்சு. இறங்கியிருக்கிறது.

நல்லவேளை, பிப்ரவரியில் என்னோடு வந்த மேஸ்திரி (தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தார்) பக்கத்துக் கல்லிலும் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தார். "ஒத்தைக் கோடு எதுக்கு சார், ரெண்டு இருந்தா ஒண்ணு சாட்சி சொல்லும்" என்றார். டியூப் லெவல் பிடித்து இரண்டு கோட்டையும் ஒரே மட்டத்தில் போட்டோம். வீடு கட்டும்போது நாலு மூலையும் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பார்களே, அதே பிளாஸ்டிக் குழாய்தான். இரண்டிலிருந்தும் மணல் 142.

இன்று அவரையே கூட்டிக்கொண்டு போனேன். குழாயில் காற்றுக் குமிழி போக ஐந்து நிமிஷம் தட்டிக்கொண்டே இருந்தார். முதல் கல்லில் தண்ணீர் கோட்டுக்கு நேராக நிற்கும்படி பிடித்துவிட்டு இரண்டாவது கல்லில் பார்த்தால், அங்கே கோடு தண்ணீருக்கு 19 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. டேப்பும் அதையே சொன்னது: முதல் கோட்டிலிருந்து மணல் 118, இரண்டாவதிலிருந்து 137. ஆக நான் மார்தட்டிக்கொண்ட 24இல் 19 கல் இறங்கியது. மணல் ஏறியது அதிகம் போனால் ஐந்து, அதுவும் இரண்டாவது கல் அசையவில்லை என்றால். திட்டினவர்களை வரிசையில் வரச் சொன்னேன் இல்லையா, வரிசையைக் கலைத்துவிடலாம்.

கல் ஏன் இறங்குகிறது? கல்லுக்கு அடியில் மணல் இருக்கிறது. அலை உள்ளே போய்த் திரும்பி வரும்போது கல் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சிக்கொண்டு வருகிறது. அதைத் தடுக்கத்தான் பெரிய கல்லுக்கு அடியில் சிறிய கல், அதற்கும் அடியில் வடிதுணி (தண்ணீரை விட்டு மணலைப் பிடித்துக்கொள்வது) என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஏதாவது ஒரு அடுக்கு சரியில்லை என்றால் மேலே உள்ள கல் சத்தமே போடாமல் இறங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "ஆஹா, மணல் ஏறுது" என்று தோன்றும், எனக்குத் தோன்றிய மாதிரி.

இந்தத் தடவை சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரிலும் ஒரு கோடு போட்டோம். மூன்றாவது சாட்சி. மேஸ்திரிக்கு டீயும் பஜ்ஜியும் என் செலவு.

மே 30, கொஞ்ச நேரம் கழித்து

"சுவர் இறங்கினால்?" என்று அதே ஆள் கேட்டிருக்கிறார். சுவர் இறங்கினால் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுவேன். தூங்கப் போங்கள்.

ஜூன் 4

அமெரிக்காவில் எப்படி என்று கேட்டவருக்கு. அங்கே ராணுவப் பொறியாளர் படையிடம்தான் துறைமுகக் கால்வாய், அலைதடுப்பு எல்லாம் இருக்கிறது. கட்டி முடித்த கடலோர வேலைகளைக் கண்காணிப்பதற்கென்றே 1981இல் தனியாக ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும் அளப்பதில்லை. வேலைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, சில வருஷம் உட்கார்ந்து அளந்து, வடிவமைத்தபோது சொன்னது நடந்ததா என்று பார்த்து, நடக்கவில்லை என்றால் அடுத்த வடிவமைப்பை மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. தப்பு கண்டுபிடித்து யாரையும் தூக்கில் போட இல்லை. இந்த மனப்பான்மைதான் எனக்குப் பொறாமை.

அதில் எனக்குப் பிடித்த கதை கலிபோர்னியாவில் கிரெசென்ட் சிட்டி. அலைதடுப்பின் முனையில் டோலோஸ் என்ற கான்கிரீட் கட்டிகளைப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 42 டன். டோலோஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்துப் பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டிலிருந்து பெயர் வந்தது என்பார்கள், நம் அஞ்சாங்கல் மாதிரி. கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும், ஆனால் இடுப்பு ஒல்லி. 1986இல் பழைய அலைதடுப்பைப் புதுப்பித்தபோது சில கட்டிகளுக்கு உள்ளேயே கருவியைப் பதித்து வார்த்துவிட்டார்கள். அலை அடிக்கும்போது கான்கிரீட்டுக்குள் எவ்வளவு இழுவிசை வருகிறது என்று கட்டியே சொல்லும்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. போர்ச்சுகலில் சினெஷ் துறைமுகம், 1978 பிப்ரவரி. அங்கேயும் 42 டன் டோலோஸ். கட்டி முடிக்கிற தறுவாயில் ஒரு புயலில் ஆயிரக்கணக்கான கட்டிகள் உடைந்து போயின. முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கிற மாதிரித் தொட்டியில் சின்னக் கட்டிகள் நன்றாகவே நின்றிருந்தன. சின்னக் கட்டி எடைக்குத் தகுந்த பலத்தை விட அதிக பலமாக இருக்கும், உடையாது. பெரியது உடைந்தது. தொட்டியில் பார்த்ததையும் கடலில் நடப்பதையும் ஒட்டிப் பார்க்காமல் விட்டால் இதுதான். 1881 மெட்ராஸுக்கும் 1978 சினெஷுக்கும் நடுவில் நூறு வருஷம், இரண்டும் முடியப்போகிற நேரத்தில் உடைந்தவை. கடலுக்குத் திறப்பு விழா பிடிக்காது போல.

ஜூன் 8

என் அளவில் இன்னொரு ஓட்டை. இந்தத் தடவை கண்டுபிடித்தது வாசகர் இல்லை, தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் நெத்திலி காய வைக்கிற அக்கா. சனி, ஞாயிறில் டேப்போடு குனிந்து நிற்கிற என்னை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று கேட்டே விட்டார். "இன்னா சார், எப்பப் பாத்தாலும் இந்தாண்டயே அளக்கறியே. மண்ணு போறது அந்தாண்ட."

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தெற்குப் பக்கத்தில் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். மணல் வடக்கே போகிற மாதங்களில் தெற்குப் பக்கம் ஏறத்தானே செய்யும்? அதற்காகத்தானே அதைக் கட்டினார்கள்? வங்கிக் கணக்கில் வரவை மட்டும் பார்த்துவிட்டுப் பணக்காரன் என்று சொல்லிக்கொண்ட கதை.

அக்கா இன்னும் கொஞ்சம் சொன்னார். தெண்டி வெள்ளம் ஓடுகிறபோது இந்தப் பக்கம் மேடு தட்டும், அந்தப் பக்கம் பள்ளம் விழும். வன்னி வெள்ளம் திரும்பினால் மாறிப் போகும். (தெரியாதவர்களுக்கு: வெள்ளம் என்றால் இங்கே கடலோட்டம். தெற்கிலிருந்து வருவது தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி.) "மொத்தத்துல மண்ணு ஜாஸ்தி ஆச்சா கம்மி ஆச்சான்னா, எங்க நைனா வலை காய வச்ச எடம் இப்போ தண்ணில இருக்குது, அவ்ளோதான் தெரியும்" என்றார்.

இதை யோசித்துக்கொண்டே வந்தேன். 2004 வாக்கில் இந்தக் கரையில் வரிசையாகத் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கிற கரை ஒரு அறை மாதிரி. ஆனி, ஆடியில் அறைக்குள் இருக்கும் மணல் வடக்குச் சுவரோரம் ஒதுங்கும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்குச் சுவரோரம் வரும். தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி. ஒரு ஓரத்தில் மட்டும் நின்று அளந்தால் மே மாதம் வெற்றி, டிசம்பரில் தோல்வி. இரண்டு ஓரமும் அளக்கணும், போன பிப்ரவரியை வருகிற பிப்ரவரியோடு ஒப்பிடணும், அப்போதுதான் மணல் புரள்கிறதா, அறையை விட்டே போகிறதா என்று தெரியும். பிப்ரவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்ட என் புத்தியை என்ன சொல்ல.

வடக்குப் பக்கம் இன்று ஒரு கோடு போட்டேன். சாலைச் சுவரோடு மட்டம் பார்த்துத்தான். கோட்டிலிருந்து மணல் 155.

ஜூன் 15

நேற்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் காசிமேட்டில் முட்டி மோதிக்கொண்டு நின்ற விசைப்படகுகள் ஒவ்வொன்றாக வெளியே போவதைப் பார்க்கப் போயிருந்தேன். டீசல் வாசனை, ஐஸ் பெட்டி, சாமி படத்துக்குப் புது மாலை. தெரிந்த டிரைவர் ஒருவர் வீல் ஹவுஸுக்குள் ஏற்றிக்கொண்டு மீன் தேடுகிற கருவியைக் காட்டினார். வாயிலைத் தாண்டும்போது அதில்தான் ஆழத்தைப் பார்ப்பாராம். "மழை முடிஞ்சா இந்தக் கல்லாண்ட மேடு தட்டும், நாங்க அந்தாண்ட ஒதுங்கிப் போவோம்." எந்தக் கல், எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழம் என்று வரிசையாகச் சொன்னார். அவர் மாதிரி நூற்றுக்கணக்கான பேர் தினமும் வாயிலைக் கடந்து போகிறார்கள், ஒவ்வொருவர் கருவியும் ஆழத்தைக் காட்டுகிறது, கரைக்கு வந்ததும் அணைத்துவிடுகிறார்கள். அதைச் சேர்த்து வைத்தால் எந்தச் சர்வே லாஞ்சும் கொடுக்காத தகவல் கிடைக்கும்.

உடனே ஒரு ஆட்சேபம் வரும், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிகள் ஒலி தண்ணீரில் நொடிக்கு 1500 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நம் கடலில், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில், ஒலி 1540 பக்கம் போகும். மழை வெள்ளம் கலந்து மேல் தண்ணீர் உப்புக் குறைந்தால் வேகம் இறங்கும். 15 மீட்டர் ஆழத்தில் இந்த வித்தியாசமே 40 சென்டிமீட்டர் வரைக்கும் கொண்டு போய்விடும். அதனால்தான் நாங்கள் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி, கருவிக்குக் கீழே இரண்டு மீட்டர், நாலு மீட்டர் என்று இறக்கி, கருவி சொல்வதும் சங்கிலி சொல்வதும் ஒன்றா என்று பார்ப்போம். அரை மணி நேரம் பிடிக்கும், கை வலிக்கும், எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். கருவியை ஒரு தரம் ஆற்றுத் தண்ணீர் கலக்கிற இடத்தில் இப்படிச் சோதித்துவிட்டு வெளிக்கடலில் போய் அளந்து அரை நாள் வேலையைக் குப்பையில் போட்டோம். ஆக டிரைவரின் எண் துல்லியம் இல்லை. ஆனால் தினமும் ஒரே படகு, ஒரே கருவி, ஒரே வழி. எண் தப்பாக இருந்தாலும், மேடு நேற்றை விட இன்று எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதில் தப்பு இருக்காது.

ஜூலை 2

மே 21இல் "எனக்குத் தெரிந்து யாரும் இல்லை" என்று எழுதினேன் இல்லையா. அதை வாபஸ் வாங்குகிறேன். பள்ளிக்கரணையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நாடு முழுக்கக் கரையோரத்தை அளந்து வரைபடம் போடுகிறார்கள். 1990இலிருந்து 2018 வரை 6,632 கிலோமீட்டர் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரை அரிக்கிறது, கால் பங்குக்குச் சற்று மேலே வளர்கிறது, மீதி நிற்கிறது. ஐஐடி ஆட்கள் இந்த வடசென்னைத் தூண்டில் வளைவுகளைப் பற்றியே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அளக்கிறவர்கள் இல்லை என்று சொன்னது என் அறியாமை.

ஆனால் என் கடுப்பு முழுசாக அடங்கவில்லை. செயற்கைக்கோள் படம் தண்ணீரும் மணலும் சந்திக்கிற கோட்டைக் காட்டும். தண்ணீருக்கு அடியில் கல்லின் பாதத்தில் குழி விழுந்ததைக் காட்டாது, ஒரு கல் 19 சென்டிமீட்டர் இறங்கியதைக் காட்டாது. அதற்கு ஆள் போகணும், அதே இடத்துக்கு, அதே கோட்டுக்கு, வருஷாவருஷம். வேலைக்கு டெண்டர் விடும்போதே "முடித்த பிறகு ஐந்து வருஷம் இந்த இந்த இடத்தை அளக்க வேண்டும், கட்டுவதற்கு முந்தைய அளவு இது, இவ்வளவு மாறினால் இவரிடம் சொல்ல வேண்டும்" என்று எழுதி, அதற்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டால் போதும். மொத்தச் செலவில் அது பஜ்ஜிக் காசு. திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் இருக்கிற கரையில் இன்றைய அளவு கையில் இருந்தால்தான் பத்து வருஷம் கழித்து யாரும் யாரோடும் சண்டை போடாமல் பேச முடியும்.

ஒரு நண்பர் தனியாக எழுதியிருக்கிறார்: "மணல் தெற்கில் தேங்குகிறது என்றால் அதை வாரி வடக்கில் போட வேண்டியதுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?" போடலாம். விசாகப்பட்டினத்தில் தூர்வாரின மணலைக் கரைக்குக் கொண்டு வந்து கொட்டுவது ரொம்ப வருஷமாக நடக்கிற வேலைதான். ஒரு தடவை கொட்டினால் தீராது, மணல் திரும்ப வந்துகொண்டே இருக்கும், நாமும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கொட்டணும் என்றால் எவ்வளவு போகிறது என்று தெரியணும். திரும்பவும் டேப்புக்கே வந்துவிட்டோம்.

ஜூலை 19

மழை. போகவில்லை. மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார், டியூப் அவரிடம். அளவு இல்லாமல் எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17

ஒன்றரை மாதமாக "என்ன ஆச்சு" என்று கேட்டவர்களுக்கு.

இன்று காலை ஆறு மணிக்கு, ஓதம் இறங்கியிருந்தபோது, மேஸ்திரியும் நானும். முதலில் சுவர்க் கோடும் இரண்டாவது கல்லும்: மே 30இல் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி, அது குழாய் பிடித்த கையின் நடுக்கம். இரண்டாவது கல் நிற்கிறது. முதல் கல் இன்னும் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, இனி அதைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

தெற்குப் பக்கம், இரண்டாவது கல்லிலிருந்து மணல்: மே 30இல் 137, இன்று 126. வடக்குப் பக்கம், ஜூன் 8இல் 155, இன்று 171.

இந்தப் பக்கம் 11 ஏறியிருக்கிறது, அந்தப் பக்கம் 16 இறங்கியிருக்கிறது. இதை வைத்து ஐந்து சென்டிமீட்டர் நஷ்டம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம், இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு சரிவில் எடுத்த ஒற்றைப் புள்ளி, அகலம் தெரியாமல் கழிக்க முடியாது. போன தடவை அவசரப்பட்டதற்கு இந்தத் தடவை வாயை மூடிக்கொள்கிறேன்.

நெத்திலி அக்கா பார்த்துவிட்டு, எண்ணை எழுதித் தரச் சொன்னார். அவர் பேரன் ஏழாவது படிக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனே அளப்பானாம். டேப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் பையன் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சாக்பீஸால் தன் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டிருந்தான். பெயிண்டில் எழுதுடா, சாக்பீஸ் ஒரு அலைக்குத் தாங்காது என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது.